ஜூலை பதினெட்டாம் பக்கம்

அக்டோபர் 20, ஞாயிறு

இது என் மகன் பெலிக்ஸ் எழுதி வந்த டைரி. உரக்கடையில் வருஷா வருஷம் சும்மா கொடுப்பார்கள். திராட்சைக் கொடிக்கு என்றைக்கு மருந்து அடித்தான், என்றைக்குத் தண்ணீர் பாய்ச்சினான் என்று எழுதுவான். எது எழுதினாலும் கடைசியில் 'மழை பெய்தது', இல்லையென்றால் 'மழை இல்லை' என்று முடிப்பான். ஜூலை 17 வரைக்கும் எழுதியிருக்கிறான். மறுநாள் கம்பம் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் இப்போது ஞாபகம் நிற்கவில்லை. நேற்று உலையில் இரண்டு தடவை அரிசி போட்டுவிட்டேன். எழுதி வைத்தால் தெரியும் என்று எடுத்தேன். நடுவில் காலியாகக் கிடக்கிற பக்கங்களைத் தொடவில்லை. இன்றைய தேதியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

இன்று பூசையில் சாமியார் சொன்னார். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் எல்லாரும் துணிக்கடைக்கும் சந்தைக்கும் ஓடுகிறீர்களாம். பாலன் வருகிற நேரத்தில் வீட்டில் ஒரே சத்தமாம். இந்த வருஷம் இப்பவே வேலையை முடித்துவிட்டு, திருவருகைக் காலம் நாலு வாரமும் குடும்பமாக அமைதியாக உட்காருங்கள் என்றார்.

எங்கள் வீட்டில் சத்தம் இல்லை. நானும் வீட்டுக்காரர் இன்னாசியும்தான். இருந்தாலும் சாமியார் சொல்லிவிட்டார். செய்ய வேண்டியது.

அக்டோபர் 22, செவ்வாய்

கிறிஸ்மஸுக்குத் திராட்சை ரசம் போட்டேன். பன்னீர் திராட்சை நாலு கிலோ. கழுவி, ஈரம் போகத் துணியில் பரப்பி, சாடியில் போட்டு மசித்து, சீனி, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. வாயைத் துணியால் கட்டினேன். இருபத்தொரு நாள் தினம் மரக்கரண்டியால் கிளற வேண்டும்.

அவர் வந்து பார்த்தார். சாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது. சாவு விழுந்த வீட்டில் முதல் வருஷம் கிறிஸ்மஸ் கிடையாது. ஸ்டார் கட்டக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. பலகாரம் சொந்தக்காரர்தான் கொண்டுவர வேண்டும். கை பழக்கத்தில் போட்டுவிட்டேன். கொட்டவும் மனசு வரவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 26, சனி

போடியில் இருந்து போன். தாய் வீட்டுக்குப் போயிருக்கிற மருமகள் ரெஜினாவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நல்லபடி. சாடியைக் கிளறினேன்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். பெலிக்ஸ் கல்லறையில் புல் வளர்ந்திருந்தது. இவர் பிடுங்கினார், நான் மெழுகுவர்த்தி வைத்தேன். காற்று அணைத்தது. மறுபடி வைத்தேன். மறுபடி அணைத்தது. நாலாம் தடவை நின்றது.

"பாப்பாவப் போயிப் பாக்கணும் சவுரி" என்றார்.

"போகலாம்."

"நாம போயிப் பாத்தாத்தான் மூணாம் மாசம் ஆத்தாளயும் புள்ளயயும் இங்க அனுப்புவாக. நீ வராம நான் மட்டும் போனா நல்லாவா இருக்கும்?"

எனக்கு முழங்கால் வலி என்று சொன்னேன். இரண்டு பஸ் மாற வேண்டும்.

நவம்பர் 6

கிறிஸ்மஸுக்கு வீடு ஒட்டடை அடித்தேன். ஆணியில் தொங்குகிற கட்டைப்பையை மட்டும் எடுக்கவில்லை. சுற்றி அடித்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ரசம் வடிகட்டினேன். ஆறு பாட்டில் வந்தது. நிறம் நன்றாக இருக்கிறது. ருசி பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு லூர்தக்கா வாசனை பிடித்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்னடி சவுரி, கேத வீட்டுல ரசம் மணக்குது?"

"பழம் வீணாப் போகுதேன்னு போட்டேன்க்கா."

"யாரு குடிக்க? ஓம் புருசனுக்கு நாக்குல ஒரு சொட்டு பட்டாலே சாமிப்பாட்டுப் பாடுவாரு."

நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு அக்காவும் நிறுத்திக்கொண்டது. பிறகு ஆணியைப் பார்த்தது.

"அந்தப் பைய இன்னுமா வச்சிருக்க? போலீசு குடுத்தன்னைக்கே தூக்கிப் போடச் சொன்னேன்ல. ஓம் மருமக கேட்ட நவாப்பழம் உள்ள அழுகிக் கெடக்கும். வீட்டுக்கு ஆகாதுடி."

"அழுகலக்கா. பை காஞ்சுதான் இருக்கு."

"நீ தொறந்து பாத்தியா?"

"இல்ல."

"பெறகு?"

"எறும்பு வரல."

அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்தது. பிறகு ஒரு டம்ளர் ரசம் ஊற்றிக் குடித்துவிட்டு, கிராம்பு கூடிப்போச்சு என்று சொல்லிப் போனது.

நவம்பர் 24, ஞாயிறு

கிறிஸ்து அரசர் திருவிழா. அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் ஆரம்பம்.

இவர் தனியாகப் போடிக்குப் போய்விட்டு வந்தார். பாப்பாவுக்கு நான் வாங்கி வைத்திருந்த இரண்டு கவுன், சோப்பு, பவுடர் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"காது அப்படியே நம்ம பெலிக்ஸுக்கு இருந்த மாதிரி. மேல கொஞ்சம் மடங்குன மாதிரி."

"சோறு வைக்கவா?"

"வையி."

சுண்டைக்காய்க் குழம்பு. அவர் பாதியில் எழுந்துவிட்டார்.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. கோயிலில் ஊதா மெழுகுவர்த்தி ஒன்று ஏற்றினார்கள். சாமியார் ஊதா உடுப்பு. எனக்கு அந்த நிறம் பார்க்கப் பிடிக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையெல்லாம் முடிந்துவிட்டது. வீடு அடித்தாயிற்று. பாத்திரம் விளக்கியாயிற்று. குடிலுக்கு வைக்கோல், சுரூபங்கள் எல்லாம் துடைத்துப் பெட்டியில் இருக்கிறது. தலையணை உறை தைத்துவிட்டேன். தொட்டில் கட்ட என் பழைய நூல் சேலை துவைத்து மடித்து வைத்தேன். தொட்டிலுக்கு யாரும் வருவதாகச் சொல்லவில்லை.

இனி நாலு வாரம் சும்மா இருக்க வேண்டும்.

டிசம்பர் 3, செவ்வாய்

"கால்ல என்னா?" என்று இவர் கேட்டார். பார்த்தேன். பாதத்தில் அரை உள்ளங்கை அகலம் கொப்புளம். கஞ்சி வடிக்கும்போது பட்டிருக்கும். எப்போது என்று தெரியவில்லை. வலிக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு. சும்மா இருப்பது கஷ்டமாக இருக்கிறது. விளக்கின பாத்திரத்தையே மறுபடி விளக்கினேன்.

மத்தியானம் போடியில் இருந்து சம்பந்தி மரியபுஷ்பம் மதினி இவருக்குப் போன் போட்டது. ஞானஸ்நானம் அங்கேயே ஜனவரியில் வைத்துக்கொள்கிறார்களாம். ரெஜினா தையல் வகுப்பில் சேரப்போகிறாளாம். இனிமேல் அங்கேயேதான் இருப்பாளாம். இவர் சரி சரி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ சொன்ன வார்த்த அப்படி."

"நான் என்னா சொன்னேன்."

"எம்மகன் பெட்டியில கெடக்குறான். ஆறு மாச வகுத்தோட அந்தப் புள்ள தலமாட்டுல நிக்குது. ஊரே நிக்குது. 'ஒன் நாக்கு ருசிக்கு எம்புள்ளயத் தின்னுட்டியேடி, நவாப்பழம் ருசியா இருந்துச்சா'ன்னு கேட்ட. கேட்டியா இல்லயா?"

"அன்னைக்கு எல்லாரும்தான் என்னென்னவோ பேசுனாக."

"மத்தவுக பேசல. நீ பேசுன பெறகுதான் மத்தவுக பேசுனாக."

அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. லாரி மோதின அன்றைக்குச் சாயங்காலம் அவர் தோட்டத்தில் இருந்தார். ரெஜினா படுத்திருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

பெலிக்ஸ் அன்றைக்கு இரண்டு தடவை கம்பம் போனான். முதல் தடவை மத்தியானம்.

கோழிக்குத் தவிடு வைத்தேன்.

டிசம்பர் 14, சனி

கோயிலில் கிறிஸ்மஸுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள். வெளியூர்ச் சாமியார். வரிசையில் எனக்கு முன்னால் லூர்தக்கா. அரை மணி நேரம் ஆனது. பின்னால் ஒருத்தி, "ஊர்ப் பாவத்தையும் சேத்துச் சொல்லுது போல" என்றாள்.

நான் முழங்காலில் நின்றேன். பூசைக்குப் பிந்தி வந்தேன் சாமி, கோழி விஷயமாகச் சண்டை போட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி என்றேன்.

"என்ன பொய்?"

"சின்னதுதான் சாமி."

பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' செபம் மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். எண்ணிக்கை விட்டுவிட்டது. ஒன்பது சொல்லியிருப்பேன், கூடவும் இருக்கும்.

டிசம்பர் 18, புதன்

ஐந்து மாசம்.

இன்று காலை ஆணியில் இருந்து பையை எடுத்தேன். திறக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு பாட்டில் ரசம், நூல் சேலை. இவரிடம் சொல்லவில்லை. இரண்டு பஸ் மாறிப் போடி போனேன். முழங்கால் ஒன்றும் செய்யவில்லை.

மரியபுஷ்பம் மதினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. எழுந்திரிக்கவில்லை.

"வாங்க மதினி. இப்பத்தேன் போடிக்கு பஸ் விட்டாகளாக்கும்."

"ரெஜினாவப் பாக்கணும்."

"அப்பனத் தின்ன புள்ளயப் பாக்க வரலயா? ஆத்தாவத்தேன் பாக்கணுமா?"

உள்ளே இருந்து ரெஜினா, "அம்மா, பேசாம இரு" என்றாள். "உள்ள வாங்க அத்தை."

இளைத்துப்போய் இருந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். காதை மட்டும்தான் பார்த்தேன். மேலே மடங்கித்தான் இருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. பையைத் திறந்தேன். உள்ளே பேப்பர் சுற்றின பொட்டலம். பிரித்தேன். பச்சை ஜாக்கெட். ஒரு மூலையில் ரத்தம் காய்ந்து இருந்தது.

"இது என் ஜாக்கெட்டு" என்றேன். "எந்தம்பி மக கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்தது. அவன் மத்தியானமே ஒனக்கு நவாப்பழம் வாங்கிட்டு வந்துட்டான். சாயங்காலம் அஞ்சரை மணிக்கு நாந்தான் போகச் சொன்னேன். டைலரு கடைய சாத்திருவான், சீக்கிரம் போடான்னு வெரட்டுனேன். பழத்துக்குப் போகல அவன்."

இவ்வளவுதான் சொன்னேன். ரெஜினா பிள்ளையை மடி மாற்றினாள்.

"தெரியும் அத்தை."

நான் அவளைப் பார்த்தேன்.

"போகும்போது எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. நாக்க நீட்டுன்னாரு. நீட்டுனேன். இன்னும் ஊதாவாவே இருக்கு, எங்கம்மா பாத்தா பேய்னு நெனச்சுக்கும்னாரு. ஜாக்கெட்டு வாங்கிட்டு வந்துர்றேன்னாரு."

"பெறகு ஏன்டி நீ சொல்லல?"

"நீங்க கத்துனப்ப நான் மயங்கி விழுந்துட்டேன். எந்திரிச்சப்ப ஊரு பூரா அதயேதான் பேசுச்சு. நான் சொன்னா யாரு நம்புவா?"

"அப்பறமாவது எங்கிட்டச் சொல்லலாம்ல."

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் அத்தை. இன்னைக்குச் சொல்லுவாக, நாளைக்குச் சொல்லுவாகன்னு தெனமும் பாத்தேன். முப்பதாம் நாள் செபம் வரைக்கும் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

வாசலில் முறம் விழுந்த சத்தம் கேட்டது. மதினி உள்ளே வந்து என்னை என்னென்னவோ சொன்னது. எல்லாம் சரிதான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ரெஜினா தடுக்கவில்லை. மதினிக்கு மூச்சு வாங்கின பிறகுதான் பேசினாள்.

"எங்கிட்டச் சொன்னாப் பத்தாது அத்தை. எனக்குத்தான் தெரியுமே. அங்க, நம்ம தெருவுல சொல்லுங்க. எம்மக அந்தத் தெருவுல வெளாடணும்னா, அவ ஆத்தாளப் பத்தி அந்தப் பேச்சு இருக்கக் கூடாது."

சரி என்றேன். பிள்ளையைத் தூக்கச் சொல்லி நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ஜாக்கெட்டை மறுபடி மடித்துப் பையில் வைத்தேன். பாட்டிலையும் சேலையையும் வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

எங்கள் தெருப் பதினைந்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து செபம் சொல்வது அன்பியக் கூட்டம். மாசக் கடைசி கூட்டத்தைக் கிறிஸ்மஸுக்காக இன்றே வைத்தார்கள். லூர்தக்கா வீட்டில். இவரும் வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார்.

செபமாலை முடிந்ததும் ஆளாளுக்கு மன்றாட்டுச் சொல்வார்கள். ஒருத்தர் மகனுக்கு வேலை கிடைக்க, ஒருத்தர் இடுப்பு வலி தீர. லூர்தக்கா தொலைந்துபோன தன் ஆடு கிடைக்க வேண்டும் என்று மன்றாடியது. எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

நான் எழுந்தேன். எழுந்துதான் சொல்ல வேண்டும் என்று இல்லை. எழுந்துவிட்டேன்.

"எம்மகன் ரெஜினாவுக்குப் பழம் வாங்கப் போயி சாகல. எனக்கு ஜாக்கெட்டு வாங்கப் போனான். நாந்தான் அனுப்புனேன். பழி வரும்னு பயந்து அந்தப் புள்ள மேல போட்டேன். அவ பேர்ல ஒரு குத்தமும் இல்ல."

யாரும் "கேட்டருளும்" சொல்லவில்லை. அது மன்றாட்டு இல்லை என்பதால் இருக்கும். லூர்தக்கா செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. லூர்தக்காவை அப்படி நான் பார்த்ததே இல்லை.

இவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசிப் பாட்டு பாடினார்கள். சுண்டல் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். தின்றேன்.

டிசம்பர் 21, சனி

இவர் பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார்.

டிசம்பர் 22, ஞாயிறு

நாலாவது மெழுகுவர்த்தியும் ஏற்றியாயிற்று. கோயிலில் நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. திரும்பி வரும்போது லூர்தக்கா பின்னாலேயே வந்தது. என் வீட்டு வாசலில் நின்றது. பிறகு, "அந்தப் புள்ளய நானும் பேசிருக்கேன்டி. பூரா வீட்டுலயும் போயிப் பேசிருக்கேன்" என்றது. "இப்ப இதயும் அத்தன வீட்டுலயும் போயிப் பேசணும். எனக்குக் கால் வலி குடுத்துட்டியே."

பேசிவிடும். சாயங்காலத்துக்குள் முடித்துவிடும்.

டிசம்பர் 23, திங்கள்

காலையில் இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. குடிலுக்கு வைக்கோல் பரப்பினேன். மாதா, சூசையப்பர், ஆடு மூன்று. பாலன் சுரூபத்தைப் பெட்டியிலேயே வைத்தேன். பிறப்புக்கு முன்னால் வைக்கக் கூடாது.

ராத்திரிச் சோறு மிஞ்சியது. இவர் வரவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

சாயங்காலம் பாட்டுக் குழு தெருவுக்கு வந்தது. எல்லா வீட்டிலும் ஸ்டார் எரிகிறது, எங்கள் வீடு மட்டும் இருட்டு. நாலு வீட்டுக்கு முன்னாலேயே மேளத்தை நிறுத்திவிட்டார்கள். சாவு வீட்டுக்கு முன்னால் அடிக்கக் கூடாது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பாலனைக் கொண்டுவந்து முத்தம் செய்யக் கொடுத்தார்கள். உதட்டில் குளிர்ச்சியாக இருந்தது. "பெரியப்பா எங்க பெரியம்மா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வெளியே போயிருக்கிறார் என்றேன்.

டிசம்பர் 25, புதன்

காலைப் பூசைக்குத் தனியாகப் போய்விட்டு வந்தேன். பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றினேன்.

பதினோரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. முதலில் இவர் இறங்கினார். கையில் மூடி போட்ட தூக்குவாளி. சம்பந்தி வீட்டுப் பலகாரம். பிறகு ரெஜினா, பிள்ளையோடு. என் நூல் சேலையில் சுற்றியிருந்தாள். மதினி வரவில்லை. பலகாரம் மட்டும் சுட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறது.

"மூணு நாளைக்குத்தான் அத்தை" என்றாள் ரெஜினா. "அப்பறம் பாக்கலாம்."

"சரித்தா."

"ரெண்டு நாளா லூர்து பெரியம்மா பத்து தடவ போன் போட்டுருச்சு. எடுத்தா ஒரே அழுக."

சொல்லி முடிக்கும் முன்னால் லூர்தக்கா வந்துவிட்டது. பிள்ளையின் காதைப் பார்த்துவிட்டு, "பெலிக்ஸு காது மாதிரியே ஆட்டுக்குட்டிக் காது" என்றது. ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. ஆடு இன்னும் கிடைக்கவில்லையாம்.

இவர் உத்தரத்தில் தொட்டில் கட்டினார். கட்டிவிட்டு, "தண்ணி குடு சவுரி" என்றார். ஐந்து நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினது. கொடுத்தேன்.

ரெஜினா குளிக்கப் போகும்போது பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். கேட்கவில்லை, வைத்துவிட்டுப் போனாள். கனமாக இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பாதத்தில் கொப்புளம் உடைந்த இடம் வலித்தது. மூன்று வாரமாக வலிக்காதது.

ஜூலை 18, வியாழன்

காலையில் கொடிக்கு மருந்து அடித்தான். மத்தியானம் கம்பத்தில் இருந்து நவாப்பழம் வாங்கி வந்தான். ரெஜினா தின்றாள். நாக்கு ஊதாவாக இருந்தது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் ஜாக்கெட் வாங்கி வர நான்தான் அனுப்பினேன்.

மழை இல்லை.